தலைக்கணக்கா, பாடக்கணக்கா?

விவிலியத்தின் நான்காம் நூலுக்கு நாம் இட்டு வழங்கும் பெயர் 'எண்ணிக்கை'. சீனாய்ப் பாலைநிலத்தில் மோசே மக்கள்தொகையைக் கணக்கெடுப்பதோடு அந்நூல் தொடங்குகிறது. இருபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் போருக்குச் செல்லத்தக்க ஆண்கள் 6,03,550 பேர் என்று கணக்கு முடிகிறது. அந்தக் கணக்கில் லேவியர் சேர்க்கப்படவில்லை என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? அவர்களை மற்றவரோடு சேர்த்து எண்ண வேண்டாம் என்பது ஆண்டவரின் கட்டளை. பின்னர் அவர்கள் தனியே, வேறோர் அளவுகோலால், ஒரு மாதக் குழந்தை முதலாக எண்ணப்படுகிறார்கள். 22,000 பேர் தேறுகிறார்கள். போர்வீரனை எண்ணும் முறை வேறு, திருக்கூடாரப் பணியாளனை எண்ணும் முறை வேறு. எதை எண்ணுகிறோமோ அதற்குத் தக்கபடி எண்ண வேண்டும் என்னும் எளிய அறிவு அந்தப் பாலைநிலத்து எழுத்தருக்கு இருந்தது. நம் கல்வி அலுவலகங்களுக்கும், சொல்ல வெட்கமாயிருக்கிறது, பள்ளி நடத்தும் நம் திருச்சபைக்கும் அது மறந்து போயிற்று.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஆண்டுக்கொரு தீர்ப்பு நாள் உண்டு. அது ஆகஸ்டு முதல் நாள். அன்றைய நிலவரப்படி பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் என்று பார்த்து, அப்பள்ளிக்கு ஆசிரியர் எத்தனை பேர் என்று முடிவு செய்கிறார்கள். 'பணியாளர் நிர்ணயம்' என்பது அதன் பெயர். 1997 டிசம்பர் 29 இல் வெளியான அரசாணை எண் 525 நாற்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்னும் விகிதத்தை அடிப்படையாக்கியது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 இல் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு முப்பத்தைந்து பேருக்கு ஒருவர் என்றது. கணக்குக்கு மேல் நிற்பவர் 'உபரி'. கற்பிக்கும் மனிதரை அழைக்க இந்தச் சொல்லை முதன்முதலில் எடுத்தவர் எவரோ, நானறியேன். அரிசி மூட்டைக்கும் சிமெண்டுக்கும் பொருந்துகிற சொல் அது.

விகிதமே கூடாது என்று நான் வாதாடவில்லை. திண்டுக்கல் போன்ற நகரத்தில், ஒரே அறையில் அறுபது எழுபது பிள்ளைகளை அடைக்கத் துணியும் பெரிய பள்ளியில், இந்த விகிதம் பிள்ளைகளுக்குக் கேடயம். ஆசிரியர் அமைப்புகள் அதற்காகப் போராடியது நியாயமே. ஆனால் கொடைரோட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளியில் அதே கேடயத்தின் விளிம்பு பிள்ளைகளின் கழுத்தில் படுகிறது.

எப்படி என்பதைக் கரும்பலகையில் எழுதுவது போல எழுதிக் காட்டுகிறேன், பொறுத்தருள்க. ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகள் கொண்ட ஓர் உயர்நிலைப் பள்ளி. வகுப்புக்கு முப்பது பேர் வீதம் நூற்றைம்பது பிள்ளைகள். முப்பத்தைந்தால் வகுத்தால் நான்கும் சொச்சமும். நான்கு ஆசிரியர் என்று வைப்போம். இனிக் கால அட்டவணைக்கு வாருங்கள். நாளொன்றுக்கு எட்டுப் பாடவேளை. வாரத்துக்கு ஒரு வகுப்புக்கு நாற்பது. ஐந்து வகுப்புக்கு இருநூறு. விளையாட்டு, ஓவியம், நூலகம், மறைக்கல்வி, நன்னெறி என்று வகுப்புக்கு ஏழு பாடவேளையைக் கழித்துவிடுங்கள். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்து பாடங்களுக்கென எஞ்சுவது நூற்று அறுபத்தைந்து. ஓர் ஆசிரியர் வாரத்துக்கு இருபத்தெட்டுப் பாடவேளை நின்றுகொண்டே கற்பித்தாலும் நால்வரும் சேர்ந்து நூற்றுப் பன்னிரண்டுக்கு மேல் எடுக்க இயலாது. மிச்சம் ஐம்பத்து மூன்று பாடவேளைகளில் அந்த வகுப்பறைகளில் என்ன நடக்கிறது? வகுப்புத் தலைவன் பேசியவர் பெயரைப் பலகையில் எழுதுகிறான். இது ஒரு வாரத்துக் கணக்கு. நால்வருள் ஒருவர் மகப்பேறு விடுப்பிலோ தேர்தல் பணியிலோ இருந்தால் என்னவாகும் என்று நான் கணக்கிடவில்லை.

பாடங்கள் ஐந்து, ஆசிரியர் நால்வர் என்றால் ஒரு பாடம் அநாதை. அது பெரும்பாலும் கணிதமோ ஆங்கிலமோதான். சட்டத்துக்கும் இது தெரியும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரை அறிவியலுக்கும் கணிதத்துக்குமாக ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் குறைந்தது இருக்க வேண்டும் என்கிறது. பாடத்தைப் பார்த்து எண்ண வேண்டும் என்னும் அறிவு அங்கே எட்டிப் பார்க்கிறது. ஆனால் கணிதமும் அறிவியலும் ஒரே மனிதரின் தலையில், தமிழும் ஆங்கிலமும் இன்னொருவர் தலையில் ஏற்றப்படுகின்றன. தமிழ் இலக்கியம் பயின்றவர் ஆங்கிலம் எடுக்கும் வகுப்பை நான் சாளரத்துக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். அவர்மீது எனக்குக் குறையில்லை. வியர்த்துக்கொண்டிருந்தார்.

(ஒரு குறிப்பு. நம் மாநிலத்தில் 'இடைநிலை ஆசிரியர்' என்பவர் தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிப்பவர். நான் இங்கே பேசுவது உயர்நிலை வகுப்புகளுக்குரிய பட்டதாரி ஆசிரியரைப் பற்றி. பெயரே இப்படிக் குழம்பிக் கிடக்கும்போது கணக்கு எப்படித் தெளியும்?)

என் சொந்தக் குற்றம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் பிறரைச் சாடுவது முறையன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் பங்குப் பொறுப்போடு உயர்நிலைப் பள்ளியின் தாளாளர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அவ்வாண்டு மே மாதம் கணித ஆசிரியர் ஓய்வு பெற்றார். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்திருந்ததால் அந்தப் பணியிடம் நிரப்பப்படவில்லை. சமூக அறிவியல் ஆசிரியர் விடைக்குறிப்பு நூலைப் பார்த்துக் கணக்கைப் பலகையில் எழுதிப் போடுவார். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். மல்லிகைத் தோட்டத்தில் விடியுமுன் பூவெடுத்துவிட்டுப் பள்ளிக்கு வரும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஞாயிறு திருப்பலி முடிந்து எல்லாரும் போனபின் நின்று கேட்டாள்: "சாமி, எங்களுக்குக் கணக்கு சார் எப்ப வருவாங்க?" "ஜெபிப்போம்மா" என்றேன். அந்த ஆண்டுதான் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினோம். சுவருக்குச் செலவான தொகையில் ஒரு கணிதப் பட்டதாரிக்கு மூன்றாண்டு நல்ல ஊதியம் கொடுத்திருக்கலாம். எனக்கு அப்போது அது தோன்றவில்லை, சுவர் தோன்றியது. அந்த வகுப்பில் பதினொருவர் கணிதத்தில் தவறினர். அவளும் அவர்களுள் ஒருத்தி. மூன்றாண்டு கழித்து அவள் திருமணத்தை நானே நடத்தி வைத்தேன். "ஜெபிப்போம்" என்று சொன்ன அந்த மறுமொழிக்காக நான் ஒப்புரவு அருட்சாதனத்தில் முழந்தாளிட்டிருக்கிறேன்.

உலக நாடுகளின் கல்விப் புள்ளிவிவரங்களை யுனெஸ்கோ நிறுவனம் தொகுத்து வெளியிடுகிறது. தனிநாடாக இல்லாத சிறு தீவு ஆட்சிப்பகுதிகளுக்கும் அத்தகைய பட்டியல்களில் இடமுண்டு. உயர்நிலை ஆசிரியர் இத்தனை பேர் என்று. நம் கண்ணுக்கு அவை சிரிப்பூட்டும் சிறிய எண்கள். நெப்போலியன் சிறைவைக்கப்பட்டு 1821 இல் இறந்த செயின்ட் எலினாத் தீவை வாசகர் அறிவர். அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே கிடக்கும் அத்தீவில் இன்று வாழ்வோர் ஏறத்தாழ நான்காயிரத்துச் சொச்சம் பேர். நம் பெரிய பங்கு ஒன்றின் அளவு. 2017 இல் பயணியர் விமானப் போக்குவரத்துத் தொடங்கும்வரை வெளியுலகுக்குக் கப்பல் ஒன்றே வழி. அங்கே உயர்நிலைப் பள்ளி ஒன்றே ஒன்று. அந்தத் தீவில் போய் நின்றுகொண்டு, "உங்கள் பிள்ளைகளின் தலையை எண்ணி முப்பத்தைந்தால் வகுத்தேன், ஆகவே உங்களுக்கு இயற்பியல் கிடையாது" என்று எவரேனும் சொல்வாரா? பிள்ளைகள் சிலரே ஆனாலும் பாடங்கள் குறையா. கடலைக் கடந்து போய்க் கணிதம் படித்து மாலையில் வீடு திரும்ப இயலாது என்பது தீவில் எல்லாருக்கும் தெரியும்.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. நம் இராமேசுவரத் தீவில் பிறந்த அப்துல் கலாம் தொடக்கக் கல்வியை அங்கே முடித்து, உயர்நிலைக் கல்விக்காக இராமநாதபுரம் வந்தார். வந்து சேர்ந்தது சீர்திருத்தச் சபையின் மறைப்பணியாளர் சுவார்ட்சு ஐயரின் பெயர் தாங்கிய பள்ளி. அங்கே தமக்குத் தன்னம்பிக்கை ஊட்டியவர் என அவர் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தவர் ஐயாதுரை சாலமோன் என்னும் ஆசிரியர். பின்னர் நம் இயேசு சபையாரின் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1954 இல் பட்டம் பெற்றார். இந்தக் கதையை நாம் பள்ளி ஆண்டுவிழாக்களில் பெருமையோடு சொல்கிறோம். ஒரு தந்தை தம் மகனை ஊரைவிட்டு அனுப்பத் துணிந்ததாலும், அக்கரையில் சாலமோன் ஒருவர் இருந்ததாலும் நடந்த கதை அது. அனுப்ப இயலாத தந்தையரின் மக்களைப் பற்றி ஆண்டுவிழாவில் யாரும் பேசுவதில்லை.

நம் ஊர்களைச் சுற்றிக் கடல் இல்லையே என்பீர்கள். அம்மையநாயக்கனூரிலும் நிலக்கோட்டைப் பகுதியிலும், சிறுமலை அடிவாரத்திலும், திராட்சைத் தோட்டங்களுக்கும் பூந்தோட்டங்களுக்கும் நடுவே கிடக்கும் ஊர்களைப் பாருங்கள். காலை ஒரு பேருந்து, மாலை ஒரு பேருந்து. அதைத் தவறவிட்டால் நான்குவழிச் சாலையை ஓடிக் கடக்க வேண்டும். அந்தச் சாலையில் போகும் வாகனங்கள் சுங்கச் சாவடியில் மட்டுமே நிற்கும். பள்ளிப் பிள்ளைக்காக நிற்பதில்லை. கோயம்பேட்டுக்கும் கன்னியாகுமரிக்கும் போகிறவருக்கு அது சாலை. வயது வந்த மகளைக் காலையில் அனுப்பி மாலையில் எதிர்பார்த்து நிற்கும் தாய்க்கு அது கடல்தான்.

"சிறிய பள்ளிகளை மூடி, பிள்ளைகளைப் பெரிய பள்ளியில் சேர்த்தால் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் கிடைப்பாரே" என்று கல்வி அறிந்த நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். நல்ல வாதந்தான். அதற்கு நான் தரும் மறுமொழி என் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும். எட்டாம் வகுப்போடு நின்ற பெண் எத்தனை வயதில் ஓலை எழுத வருகிறாள், பத்து முடித்தவள் எத்தனை வயதில் வருகிறாள் என்பது ஒரு பங்குத்தந்தைக்குப் புள்ளிவிவரத் துறையைக் கேட்காமலே தெரியும். பள்ளி தொலைவானால் முதலில் நிற்பவள் பெண்.

அரசின் சிக்கனப் புத்தியைச் சொல்லி முடித்துவிடலாம். 2012 இல் உடற்கல்வி, ஓவியம், தையல் முதலியவற்றுக்கு 16,549 பேரை மாதம் ஐயாயிரம் ரூபாய்க்குப் பகுதிநேர ஆசிரியராக அமர்த்தியது தமிழக அரசு. அரை ஆசிரியர் என்னும் புதுமை அன்று எண்ணிக்கையில் நுழைந்தது. 1991-92 ஆம் கல்வியாண்டு முதல் தொடங்கும் தனியார் பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் மானியம் இல்லை என்பது அதற்கு முன்னரே வந்த முடிவு. இவற்றையெல்லாம் நாம் மேடைகளில் கண்டித்தாயிற்று, தீர்மானங்கள் நிறைவேற்றியாயிற்று. இனி நம்மைப் பார்ப்போம்.

நம் தமிழ்வழிப் பள்ளிகளில் பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள்? பிறப்பு விகிதம் குறைந்தது ஒரு காரணம். மறுபாதிக் காரணம் அதே வளாகத்தில், அல்லது அடுத்த தெருவில், நாமே கட்டிய ஆங்கிலவழிச் சுயநிதிப் பள்ளி. ஒரு கையால் பிள்ளைகளை இங்கிருந்து அங்கே இழுத்தோம்; மறுகையால் இங்கே பணியிடம் பறிபோயிற்று என்று மனு எழுதினோம். கட்டணம் செலுத்த முடிந்தவன் அங்கே போனான். முடியாதவன் இங்கே, ஆசிரியரில்லாத ஐம்பத்து மூன்று பாடவேளைகளோடு தங்கினான். எழைகளுக்கென்று நம் முன்னோர் தொடங்கிய பள்ளி, ஏழைகள் மட்டுமே எஞ்சிய பள்ளியாயிற்று. இரண்டும் ஒன்றல்ல.

அங்கேயும் ஆசிரியர் வாழ்கிறாரா? அரசு ஊதியம் பெறும் ஆசிரியரும் 'நிர்வாக ஆசிரியரும்' ஒரே ஓய்வறையில், ஒரே பட்டத்தோடு, ஒரே பாடத்தைக் கற்பித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் பெறும் ஊதியத்தில் ஆறில் ஒரு பங்குகூட மற்றவருக்கு இல்லாத பள்ளிகளை நான் அறிவேன். 1891 இல் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளருக்கு நேர்மையான ஊதியம் வேண்டும் என்று எழுதிய சுற்றுமடலைக் குருமடத்தில் எங்களுக்குப் பாடமாக வைத்தார்கள். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினோம். 1965 அக்டோபர் 28 இல் வெளியான கிறிஸ்தவக் கல்வி பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க அறிக்கை, கத்தோலிக்கப் பள்ளி தன் நோக்கத்தை அடைவது மிகப் பெரும்பாலும் ஆசிரியரையே சார்ந்தது என்கிறது. கட்டடத்தையோ சுற்றுச்சுவரையோ சார்ந்தது என்று அதில் நான் காணவில்லை.

சிறுபான்மையினர் உரிமை என்னும் வாளை நாம் அடிக்கடி உருவுகிறோம். அரசியலமைப்பின் 30 ஆம் பிரிவு நமக்குத் தந்த உரிமையை நானும் போற்றுகிறேன். 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தபோது நம்மவர் மகிழ்ந்தனர். 2025 செப்டம்பர் 1 அன்று அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அத்தீர்ப்பு சரிதானா என்று ஐயுற்று, பெரிய அமர்வு ஆராய வேண்டும் என்று அனுப்பியபோது கலங்கினர். மகிழ்ந்த நாளில் எவரேனும் ஒருவர் கேட்டிருக்கலாம்: சட்டத்தின் குறைந்தபட்ச அளவிலிருந்து விலக்குப் பெற்றது அதைவிட அதிகமாகக் கொடுப்பதற்கா, குறைவாகக் கொடுப்பதற்கா? கேரளக் கல்வி மசோதா வழக்கில் 1958 இலேயே உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கிற்று: நிர்வகிக்கும் உரிமை சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது. கணித ஆசிரியர் இல்லாமல் ஈராண்டு ஓடுகிற பள்ளியை நான் எந்த உரிமையின் பெயரால் நடத்தினேன்?

பணி நியமனத்தில் கைமாறும் பணத்தைப் பற்றியும் இரு வரி எழுத வேண்டும். எழுதினால் சிலர் வருந்துவர். நியமன ஆணையை விலை கொடுத்து வாங்கியவர் உள்ளே வந்தபின் வகுப்பறையைத் தம் முதலீடாகவே காண்பார். விற்றவர் சட்டையின் மேல் அங்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாவம் ஒன்றே.

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு ரேம்சு நகரின் மறைமாவட்டப் பேராலயக் குரு அருளப்பர் தெலசால், ஏழைப் பிள்ளைகளின் பள்ளியைச் சீராக்க எண்ணியபோது முதலில் ஆசிரியரைத் தம் வீட்டுக்கே அழைத்துவந்து, தம் பந்தியில் அமர்த்தினார். உயர்குடி உறவினர் முகஞ்சுளித்தனர். பின்னர் தம் பேராலயப் பதவியைத் துறந்தார். பஞ்சக் காலத்தில் தம் செல்வத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்தார். 1950 இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். அவருடைய திருவுருவம் நம் பள்ளிகள் சிலவற்றின் வாயிலில் நிற்கிறது. அவர் பந்தியில் உட்கார்ந்த ஆசிரியரின் இடம் நம்மிடம் எங்கே?

பொதுநிலையினரே, உங்களையும் விட்டுவிட மாட்டேன். திருவிழாவுக்குக் குடும்ப வரி போடும்போது ஒருவரும் முகம் கோணுவதில்லை. தேர் அலங்காரம், மின்விளக்கு, வாணவேடிக்கை, இசைக்குழு ஆகியவற்றுக்குச் சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு கூடத்தான் ஆகிறது. ஒரு கணிதப் பட்டதாரிக்கு மாதம் இருபதாயிரம் ரூபாய் என்று வையுங்கள். அது அரசு ஊதியத்துக்கு ஈடாகாது. ஆனாலும் அவர் முகம் பார்த்துக் கொடுக்கலாம். அறுநூறு குடும்பங்கள் உள்ள பங்கில் குடும்பத்துக்கு மாதம் முப்பத்து நான்கு ரூபாய். முகூர்த்த நாளில் ஒரு முழம் மல்லிகைக்கு இதைவிட அதிகம் கொடுக்கிறோம். அன்பியம் அன்பியமாக இதைத் திரட்டலாம். அரசு கொடுக்க வேண்டியதை நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர் உண்டு. அரசிடம் கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. சிறு பள்ளிகளுக்குத் தலைக்கணக்கை விடுத்துப் பாடக்கணக்கில், பாடத்துக்கு ஒருவர் என்று ஆசிரியரை நிர்ணயிக்க வேண்டும் என்பதைச் சட்டமன்ற உறுப்பினரிடமும் முதன்மைக் கல்வி அலுவலரிடமும் கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை, அரசாணை வரும் ஆண்டில் பத்தாம் வகுப்பில் இருக்க மாட்டாள்.

வரும் பங்குப் பேரவைக் கூட்டத்தில் இரண்டு தாள்களை மேசைமேல் வைக்கப் போகிறேன். ஒன்று, சென்ற திருவிழாவின் வரவுசெலவுக் கணக்கு. மற்றொன்று, நம் பள்ளியின் கால அட்டவணை. ஆசிரியர் பெயரில்லாத கட்டங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். கூட்டம் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின். தலைமையாசிரியரையும், நிர்வாக ஆசிரியர் மூவரையும் அழைத்திருக்கிறேன். அவர்கள் வாங்கும் சம்பளத்தை அவர்களே வாய்விட்டுச் சொல்லட்டும்.